கடதாசிப் பையில் தமிழ் படித்த அக்கா

அக்கா கண் மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு பகுதியை உங்களில் பலர் தவறாகவே தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அவருடைய ஒரே தங்கை என்ற முறையில் அதைத் திருத்தும் கடமை எனக்கு இருக்கிறது.

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர் அக்கா. அம்மா கொழுந்தெடுக்கப் போனபோது கைக்குழந்தையான என்னைப் பார்த்துக்கொள்ள எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். அத்தானை மணந்து கெலிஓயாவுக்கு வந்தார். அத்தானுக்கு அங்கே சிறிய பலசரக்குக் கடை. பிள்ளை இல்லாத குறையை அக்கா வாய்விட்டுச் சொன்னதில்லை. பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் போதாது என்று கேள்விப்பட்டு, தொண்டர் ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவரை விட்டு நகரமாட்டார்கள்.

நிரந்தர நியமனத்துக்குச் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்றார்கள். முப்பது வயதுக்கு மேல் பரீட்சை எழுதினார். கணிதம் உட்பட எல்லாப் பாடத்திலும் சித்தி, தமிழில் மட்டும் இல்லை. "பேசுறது பூராம் தமிழு, பெயிலானதும் தமிழுலயா?" என்று அத்தான் சிரித்துவிட்டார். அக்கா அன்று சாப்பிடவில்லை. இன்னும் இரண்டு தடவைக்குள் தமிழில் சித்தி பெறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும் என்று கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அப்போது நான் அக்கா வீட்டில் தங்கிக் கண்டியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். தமிழில் அதிவிசேட சித்தி வாங்கியவள் என்ற தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. என் கொப்பியிலிருந்த 'பேராதனைப் பூங்காவுக்கு ஒரு சுற்றுலா' கட்டுரையைக் கொடுத்து, "இத அப்படியே பாடமாக்குங்கக்கா, எது வந்தாலும் சமாளிக்கலாம்" என்றேன்.

இரண்டாம் முறை கட்டுரைத் தலைப்பாக வந்தது சந்தை. அக்கா என்ன செய்தார் தெரியுமா? சந்தைக்குப் போகும் வழியில் பூங்காவைக் கண்டதாக ஒரு வரி எழுதி, பிறகு மூன்று பக்கம் பூங்காவையே எழுதிவிட்டு வந்தார். வண்ண மலர்கள் தலையசைத்து வரவேற்றன. சந்தையில் ஒரு தக்காளிகூட இல்லை. பெறுபேறு மறுபடியும் அதே கதை.

மிளகும் ஏலமும் கொண்டு வாரந்தோறும் கடைக்கு வரும் திகன ஊர் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் திகன நானா என்று அழைப்பவர், அத்தானின் பழைய நண்பர். விஷயம் கேள்விப்பட்டு, எழுதியதைச் சொல்லச் சொன்னார். அக்கா மூச்சு விடாமல் ஒப்பித்தார். நானா பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா ஈக்கி தங்கச்சி. பூங்காவுக்கு எப்ப போன?"

"போனதே இல்ல நானா."

"சந்தைக்கு?"

"கெழமைக்கு ரெண்டு தடவ போறேனே!"

"அப்ப அங்க நடக்கிறதச் செல்லுங்களே."

நல்ல தக்காளியை அடியில் மறைத்து வைக்கும் கிழவி, நிறுக்கும்போது மட்டும் இருமும் வெங்காயக்காரர் என்று அக்கா சொல்லச் சொல்ல, நானா சிரித்ததில் தேநீர் அவர் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. "இதுல ஒரு வரிகூட நீங்க எழுதல்லயே. யாருட கட்டுரை அது?" என்றார்.

"எங்கயோ ஒரு கொப்பியில பாத்தது" என்றார் அக்கா. நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாளே அக்கா படிப்பை மாற்றினார். கடையில் சாமான் கட்டப் பழைய பத்திரிகையை வெட்டிக் கடதாசிப் பை ஒட்டுவது வழக்கம். பை முடியும் இடத்தில் வாக்கியமும் பாதியில் முடியும். மீதியை நாங்கள் சொந்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் அக்கா வைத்த விளையாட்டு. பருப்பு வாங்க வந்தவர் கேட்டுவிட்டு, "யாரு?", "என்னது?" என்று திருப்பிக் கேட்டால் சொன்னவர் தோற்றார். தோற்றவர் பத்துப் பை ஒட்ட வேண்டும்.

'நேற்றுக் கண்டிக்கு வருகை தந்த அமைச்சர்' என்று ஒரு பை நின்றது. "ரெண்டு ராத்தல் கருவாடு வாங்கினார்" என்று அத்தான் முடித்தார்.

"எழுவாய்க்குக் குடுத்த மரியாதய பயனிலைக்கும் குடுத்துட்டீங்க, சரிங்க. ஆனா அமைச்சரு எதுக்குங்க கருவாட்டுக் கடைக்கு வர்றாரு?" என்றார் அக்கா.

"எலெக்சன் வருதுல்ல!"

கடையே சிரித்தது. இலக்கணப் புத்தகத்தில் என்னைத் தூங்கவைத்த எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளும் அங்கே கருவாடு வாங்கிக்கொண்டு நடமாடின. முதல் மாதத்துப் பைகளில் பெரும்பாலானவை நான் ஒட்டியவை. "ஒனக்குத் தெரிஞ்ச வார்த்த நெறையடி, சொல்ல வந்தது கொஞ்சம்" என்பார் அக்கா. அதிவிசேட சித்தி பசையும் கையுமாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது பரீட்சையன்று மண்டப வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "கட்டுரைக்கு மழ நாள் வந்துச்சுடி. எங்க பள்ளிக்கூடத்துக் கூர எத்தன எடத்துல ஒழுகும், எந்தப் பிள்ள உக்கார்ற வாங்குப் பலகைய எங்க இழுக்கும்னு எழுதிட்டு வந்துட்டேன்."

"பூங்கா?"

"அது நனஞ்சு போச்சு."

சித்தியடைந்தார். நியமனக் கடிதம் வந்தது. இருபது வருடங்களுக்கு மேல் அதே பாடசாலையில் படிப்பித்தார். அவர் வகுப்பில் சத்தம் அதிகம் என்று அதிபரிடம் முறைப்பாடு போனதும் உண்டு. விசாரிக்கப் போன அதிபர் கடைசி வாங்கில் உட்கார்ந்து பாடம் முடிந்த பிறகே எழுந்து வந்தாராம்.

கடைசி மூன்று வாரங்கள் வைத்தியசாலையில் இருந்தார். முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தினமும் கஞ்சி அனுப்பிய அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்தாருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வாகனத்தோடு வந்த திகன நானாவின் மகன்மாருக்கும், தோளில் சுமந்த பழைய மாணவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பக்கத்தை விட்டு அகலாத அத்தானுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆகவே விடுகிறேன்.

இனி நான் திருத்த வேண்டியது. அக்காவின் ஓய்வு விழாவில் நம் உறவினர் ஒருவர், "தங்கச்சி சொல்லிக் குடுக்கப் போய்த்தான் இவங்க தமிழ்ல பாஸானாங்க" என்று மேடையில் பேசினார். சபை கைதட்டியது. எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவர் அக்கா. நான் எழுந்து கும்பிட்டேன். அன்றிலிருந்து நீங்களும் அப்படியே சொல்லி வருகிறீர்கள்.

அது பொய். அக்காவைத் தோற்க வைத்த கட்டுரை என்னுடையது. அத்தானுக்கே இதை வாசிக்கும்போதுதான் தெரியவரும். தேறியது அவருடைய சொந்த முயற்சி. எனக்கு எழுதத் தெரிந்ததும் அவரிடம் தோற்றுத் தோற்றுத்தான். அந்த மேடையில், அவர் கேட்க, இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை, அக்கா.