நல்ல முழங்காலுக்கு ஒரு ஜெபம்

இரத்தோட்டைப் பக்கத்தில் மிளகு பறிக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் செல்லச்சாமியைத்தான் தேடுவார்கள். மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுக்களில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகளை மிதித்து முப்பதடி ஏறுவார். மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவர்களை நக்கலும் அடிப்பார். இருபத்தாறு வருசமாக இதுதான் பிழைப்பு.

போன பறிப்பில் மழை ஈரத்தில் மூங்கிலின் அடி வழுக்கிவிட்டது. மூங்கில் போய் விழுந்தது. செல்லச்சாமி பலாக்கிளையைப் பிடித்துத் தொங்கினார். ஆட்கள் ஓடிவந்து மூங்கிலைத் திரும்ப நிறுத்தினார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இறங்கி வந்து தேத்தண்ணி குடித்தார், சிரித்தார்.

பயம் அன்றைக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து, மூங்கிலின் இரண்டாவது படியில் வைத்து வந்தது. உரலில் உலக்கை போடுகிற மாதிரி நெஞ்சு இடித்தது. கை வியர்த்தது, மூச்சு முட்டியது. மாரடைப்பென்றே நினைத்து மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்த டொக்டர் சிங்களத்தில் சொன்னார்: "இதயத்துக்கு ஒன்றுமில்லை. இது பயம். மாதாமாதம் கிளினிக்குக்கு வாருங்கள், சரியாகும்."

கிளினிக்குக்கு ஒழுங்காகத்தான் போனார். ஆனால் மரமேறிக்குப் பயம் என்று ஊருக்குள் எந்த வாயால் சொல்வது? "முழங்கால் வலி" என்றார். மனைவி வேலம்மாவிடமும் அதையேதான் சொன்னார்.

வினை அங்கேதான் பிடித்தது. இரண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்துப் பதினாலு வருசம். தகரக் கூரை ஜெபவீட்டில் முப்பது பேர் கூடுவார்கள். பாஸ்டர் அவருடைய முழங்காலில் எண்ணெய் பூசினார். காத்தாயி அக்கா அந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுது ஜெபித்தாள். வேலம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருந்தாள். இத்தனையும் கல்லுப் போல இருக்கிற ஒரு முழங்காலுக்கு.

செல்லச்சாமிக்குக் கண்ணை மூடினால் ஜெபம் வரவில்லை. முழங்காலைச் சொன்னால் ஆண்டவரிடமே பொய். அங்கே எல்லாரும் வாய்விட்டுத்தான் ஜெபிப்பார்கள்; பயத்தைச் சொன்னால் பக்கத்தில் நிற்கும் வேலம்மாவுக்குக் கேட்டுவிடும். வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார்.

இப்படியிருக்க, மிளகுத் தோட்டத்துச் சொந்தக்காரர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் போனில் கூப்பிட்டார். "மிளகு பழுக்கப் பாக்குது. செவ்வாய்க்கிழம வாறீங்களா, வேற ஆளப் பாக்கவா?"

"வாறேன் ஹாஜியார்" என்று வாய் சொல்லிவிட்டது. வேறு ஆள் ஏறிவிட்டால், பிறகு தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு, ஜெபவீட்டு வாசலில் இருக்கும் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டைப் போட்டார். கையெழுத்துத் தெரியக் கூடாதென்று இடது கையால் கிறுக்கியது. பாஸ்டர் அதையும் எடுத்து வாசித்தார்: "பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரன். மூங்கில்ல ஏறப் பயமா இருக்கு. நெஞ்சு இடிக்குது. ஜெபிக்கவும்."

சபையில் மூங்கில் ஏறுகிறவர் ஒரே ஒருவர். அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"பேரு மட்டுந்தான் இல்ல அண்ணே, அட்ரஸ் முழுசா இருக்கு" என்றான் ஓட்டோ ஓட்டுகிற வினோஜன்.

வேலம்மா எழும்பினாள். "அப்ப முழங்காலு?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"பாவி மனுசா! ஆறு மாசமா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பட்டினி கெடந்தேனே!"

ஜெபவீடு குலுங்கியது. பாஸ்டரும் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "எனக்கும் பிரசங்கத்துக்கு எழும்புறப்பல்லாம் பயந்தான் அண்ணே. யார்கிட்ட சொன்னேன்? சரி, நாங்க ஜெபிக்கிறது இருக்கட்டும். நீங்களே ஆண்டவர்கிட்ட சொல்லுங்க."

செல்லச்சாமி எழுந்து நின்றார். "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அழுதுவிட்டார். வேலம்மா வந்து பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் அவர் செய்த முதல் ஜெபம் அது. உட்கார்ந்தபோது, மூட்டையை இறக்கிவைத்தவன் மாதிரி தோள் லேசாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வேலம்மாவும் கூடவே தோட்டத்துக்குப் போனாள். மூங்கிலின் அடியை மரத்தோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். செல்லச்சாமி ஏறினார். இரண்டாவது படியில் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. நின்றார். இந்த முறை ஒளிக்கவில்லை.

"ஆண்டவரே, பயமா இருக்கு. பிடிச்சுக்குங்க!"

"நாந்தான் பிடிச்சிருக்கேனே, ஏறுங்க" என்றாள் கீழே இருந்து வேலம்மா.

"ஒன்னச் சொல்லலடி!"

"தெரியும். ரெண்டு பேருந்தான் பிடிச்சிருக்கோம். ஏறுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அடைத்திருந்த மூச்சும் வெளியே வந்தது. மூன்றாவது படி, நான்காவது படி. பயமும் கூடவே கொஞ்சத் தூரம் ஏறி வந்தது. ஒவ்வொரு படிக்கும் அதே ஜெபத்தைச் சொன்னார். பாதி மரத்தில் பார்த்தால், இடிப்பு நின்று நெஞ்சு தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

உச்சிக்குப் போய்க் கொடியை வளைத்து முதல் மிளகுச் சரத்தைக் கிள்ளினார். இடுப்புச் சாக்கு கனக்கத் தொடங்கியது. வேலம்மா இன்னும் மூங்கிலை விடாமல் வாயைப் பிளந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், வாய மூடிக்கிட்டுப் பாருடி" என்று மேலேயிருந்து கத்தினார். "ஹாஜியாரு மிளகு பூரா ஒன் வாய்க்குள்ள போகுது!"