ஐஸ் ஹாக்கிக்குத் தமிழில் ஒரு நேயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு டெல்லியில் நடந்தது இது. நான் அப்போது நொய்டாவில் ஒரு ஸ்டுடியோவில் விளையாட்டு ஒளிபரப்புகளுக்குத் தமிழ் வர்ணனை செய்துகொண்டிருந்தேன். கபடி, கால்பந்து என்று எது வந்தாலும் பேசுவேன். ஒரு நாள் ஐஸ் ஹாக்கி என்றார்கள். வெளியே தார் இளகும் வெயில். உள்ளே பனியில் சறுக்கிக்கொண்டு ஆடுகிற ஆட்டத்துக்குத் தமிழில் பேச வேண்டும். சிரிப்புதான் வந்தது. ஆனாலும் மாதக் கடைசி, ஒப்புக்கொண்டேன்.

ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு தொழில்முறைத் தொடரில் அந்த வருடம்தான் டெல்லிக்கென்று புதிதாக ஓர் அணியைச் சேர்த்திருந்தார்கள். புது அணிக்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? பழைய அணிகள் தங்களுக்கு வேண்டியவர்களை நிறுத்திக்கொண்டு மீதிப் பேரை விட்டுக்கொடுக்கும். முழங்காலில் அறுவை செய்துகொண்டவர்கள், வயது ஏறியவர்கள், பழைய பயிற்சியாளரோடு ஒத்துப்போகாதவர்கள் எல்லாரும் சேர்ந்த கூட்டம் அது. பாதிப் பேர் லடாக் பையன்கள். சிலர் இமாச்சல்காரர்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஓரிருவர். இவர்களுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பையன். டெல்லியிலேயே பிறந்தவன். மோதி பாக் குடியிருப்புத் தெருக்களில் சக்கர ஸ்கேட் கட்டி ஓடிப் பழகி, பிறகு பனிக்கு மாறியவன். தடுப்பாட்டக்காரன். அவன் இருந்ததால்தான் தமிழிலும் வர்ணனை வைக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும்.

முதல் சீசனில் அந்த அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஆட்டம் பார்க்க வந்தவர்களில் பலர் குளிர்காற்று வாங்க வந்தவர்கள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் ஆட்டம் பிடிபடவில்லை. அவர்கள் அடித்து விளையாடும் அந்தக் கறுப்பு ரப்பர் துண்டுக்கு 'வட்டு' என்று பெயர் வைத்தேன். சுற்றுச்சுவரைப் 'பலகை' என்றேன். மற்றபடி, வட்டு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் அது வேறெங்கோ போய்விடும். அப்போதெல்லாம் 'ஆஹா, என்ன ஆட்டம், பாருங்கள் நேயர்களே' என்று சொல்லிச் சமாளிப்பேன். யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். தமிழ் ஒலிக்கு விளம்பரம்கூடக் கிடையாது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இடைவேளையில் விளம்பரம் ஓடும். தமிழில் 'சற்று நேரத்தில் திரும்புவோம்' என்ற அட்டையும் ஓர் இசையும் வரும்.

சீசன் முடிந்ததும் ஆட்டக்காரர்களின் குடும்பங்களுக்கு ஒரு விருந்து வைத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். அந்தத் தமிழ்ப் பையன் நேராக என்னிடம் வந்தான். அண்ணன் என்பதற்கு இந்தியில் 'பையா' என்பான்.

"பையா, நம்ம அக்காவுக்கு உங்ககூட பேசணுமாம். உங்க கமெண்ட்ரி ஃபுல்லா கேக்குறது அவ ஒருத்திதான்."

அக்காவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். புசா ரோடு பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லை. அம்மா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு டெல்லி வந்தவர். தம்பி இந்தி கலந்து பேசினாலும், அக்கா பேச்சில் அப்படியே அம்மாவின் ஊர் இருந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. 'பாருங்க பாருங்க'ன்னு சொல்லுதீங்க. நான் எதைப் பாக்க?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வங்கியில் யாரிடமோ விவரம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"வட்டு இடப்பக்கம் இருக்கா வலப்பக்கம் இருக்கா, யார்கிட்ட இருக்கு, அதைச் சொன்னா போதும். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. நான் கோச்சுக்க மாட்டேன். இங்கிலீஷ்ல ரொம்ப வேகமாப் போறாங்க, ஆளுங்க பேரு பாதி விளங்கல. உங்களுத எனக்கு விளங்கும், நீங்க சொன்னா."

தம்பி சங்கடப்பட்டு, "அச்சா அக்கா, போதும் சலோ" என்று இழுத்துப்போனான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மெட்ரோவில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அடுத்த சீசனுக்கு முன்பு பழைய ஆட்டங்களை ஒலி இல்லாமல் ஓட்டிப் பேசிப் பழகினேன். இரண்டாவது சீசனில் 'ஆஹா'வை விட்டேன். 'களத்தைப் பிரிக்கும் நீலக்கோட்டுக்கு இந்தப் பக்கம், வலது பலகை ஓரம், வட்டு நம் ஏழாம் எண்காரரிடம்' என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆட்கள் மறைத்துவிட்டால் 'எனக்குத் தெரியவில்லை' என்றேன். எங்கள் ஒளிபரப்பின் தயாரிப்பாளர், ஒரு பெண்மணி, ஒரு நாள், "வர்ணனை கொஞ்சம் வறட்சியா இருக்கே?" என்று இந்தியில் கேட்டார். அப்படியே விட்டுவிட்டார்.

அணியும் கொஞ்சம் தேறியிருந்தது. தோற்றாலும் கடைசி நிமிடம் வரை இழுத்துத் தோற்றார்கள். நடுவே வெற்றிகளும் வந்தன.

அந்தச் சீசனின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை மாலை ஆட்டம். சம நிலையில் இருந்தது. வட்டு எங்கள் கோலுக்குப் பின்னால் மூலைக்கு உருண்டது. தமிழ்ப் பையன் அதை எடுக்கத் திரும்பினான். எதிரணிக்காரன் பின்னாலிருந்து வந்து மோதினான். இவன் தலை குனிந்திருந்த நேரம் அது. ஹெல்மெட்டோடு பலகையில் போய் முட்டி, பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

ஒளிபரப்பில் படம் உடனே மாறிவிட்டது. ஸ்கோர் பலகையைக் காட்டினார்கள். ஆட்டக்காரருக்குப் பெரிய அடி என்றால் அப்படித்தான் செய்வார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். அதிகாரபூர்வமாகத் தகவல் வரும்வரை காயத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது விதி. என் காதில் தயாரிப்பாளர் குரல்: "தமிழ், கார்டு போடறேன், மைக்கை மூடு."

என் அறையில் இரண்டு திரைகள். ஒன்று நேயர்கள் பார்ப்பது. இன்னொன்று கோலுக்கு மேலே நிரந்தரமாகப் பொருத்திய கேமரா. அது எப்போதும் மாறாது. அதில் அவன் கிடப்பது எனக்குத் தெரிந்தது. அந்த அக்கா வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதும் தெரியும். அவன் விழுந்தான் என்பது வரை நான்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது இசையைப் போட்டால் அவருக்கு என்ன இருக்கும்?

"ஏக் மினிட்" என்று மட்டும் சொன்னேன். மைக்கை மூடவில்லை. அதை மூடும் பொத்தான் என் மேஜையில்தான் இருந்தது.

"படம் மாறியிருக்கிறது. எனக்கு வேறொரு திரையில் களம் தெரிகிறது. பார்ப்பதைச் சொல்கிறேன். அவர் இடது பக்கமாகச் சரிந்து கிடக்கிறார். ஹெல்மெட் தலையில்தான் இருக்கிறது. மருத்துவர் வந்துவிட்டார். கழுத்தை அசைக்காமல் இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறார்."

அடுத்து என்ன சொல்வது? 'பயப்பட ஒன்றுமில்லை' என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் நான் பார்த்தது அதுவல்ல. பனிமேல் அவன் ஒரு துணிமூட்டை போலக் கிடந்தான்.

"இன்னும் அசையவில்லை" என்றேன்.

காதில் தயாரிப்பாளர் ஏதோ கத்தினார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டேன்.

மற்ற ஆட்டக்காரர்கள் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். "சுற்றி நிற்பவர்கள் மறைக்கிறார்கள். இப்போது எனக்கு எதுவும் தெரியவில்லை" என்றேன். மைக்கைத் திறந்தே வைத்து, திரையில் இடைவெளி தேடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓர் ஆட்டக்காரர் நகர்ந்தார். "மறுபடி தெரிகிறது. வலது கையுறையைக் கழற்றுகிறார்கள். மருத்துவர் தன் விரல்களை அவர் உள்ளங்கையில் வைக்கிறார். இன்னும் இல்லை. இன்னும் இல்லை... பிடித்துக்கொண்டார். விரல்களை மூடிப் பிடித்திருக்கிறார். வலது ஸ்கேட் அசைகிறது. இடதும் அசைகிறது."

கழுத்துப் பட்டை போட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்வரை சொன்னேன். ஆட்டம் தொடர்ந்தது. நாங்கள் தோற்றோம்.

மறுநாள் தயாரிப்பாளர் அழைத்தார். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவன் அசையாமலே போயிருந்தா, அதையும் அப்படியே சொல்லியிருப்பியா?" இன்றும் அதை என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சில ஆட்டங்களுக்கு என்னை நிறுத்திவைத்தார்கள். அந்த ஆட்டங்களுக்குத் தமிழ் ஒலியே இல்லை. ஏன் இல்லை என்று கேட்டு வந்த புகார் ஒன்றே ஒன்று. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோள் எலும்பு முறிவு, தலையில் பலத்த அதிர்வு, மற்றபடி தப்பித்துவிட்டான். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தான். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அம்மாவுக்கு உங்க மேல வருத்தம்" என்றார் அக்கா, மறைக்காமல்.

"அசையலன்னு எதுக்கு சார் சொல்லணும்?" என்றார் அம்மா. "முப்பது வருசமா வார்டுல நிக்கேன். வெளிய நிக்குத சொந்தக்காரங்ககிட்ட நாங்க அப்படிச் சொல்லுவோமா? எனக்கு உயிரே போயிட்டு. டப்புன்னு சத்தத்தைக் குறைச்சுட்டேன்."

"நான் திரும்பக் கூட்டினேன்" என்றார் அக்கா. பிறகு என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க அசையலன்னு சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துது. அசையலன்னு வாய்விட்டுச் சொல்லுத ஆளு, அசைஞ்சா கண்டிப்பாச் சொல்லுவாருன்னு தெரிஞ்சுது. நல்லாருக்கான்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்."

இருவர் சொன்னதும் சரி என்றே எனக்குப் பட்டது. தம்பிதான், "பையா, சாய் ஆறிடும், குடிங்க" என்று பேச்சை மாற்றினான்.

மூன்றாவது சீசனில் அவன் திரும்பி ஆடினான். அணி அந்த வருடம் நடு இடத்தில் முடித்தது. நான் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டேன். இப்போது எப்போதாவது நேயராக மட்டும் பார்க்கிறேன்.

போன வருடம் திருச்சியில் என் அப்பாவுக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். துபாயிலிருந்து தங்கை போன் செய்தபோதெல்லாம் 'இன்னும் கண் திறக்கல' என்றுதான் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அழுதாள். என்னைத் திட்டவும் செய்தாள். ஒரு காலையில் 'திறந்துட்டார், உன் பேரைக் கேட்டார்' என்றேன். நிஜமாகவா என்று அவள் கேட்கவில்லை. ஒருவரிடம் நல்ல சேதி சொல்கிற உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது என்பதை, ஒரு கறுப்பு ரப்பர் துண்டைத் துரத்துகிற ஆட்டத்தில்தான் நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.