எண்ணூரில் வடிகட்டிய பீர்

செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரை மணி. எண்ணூரில் ஒயின்ஷாப்பை ஒட்டிய பாரில் நானும் நண்பன் சேகரும் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் முன்னால் ஒரு கோதுமை பீர் பாட்டில். அதைக் காய்ச்சிய சின்ன ஆலை மூடிவிட்டது. கொருக்குப்பேட்டையில் தொடங்கி ஏழு கடை ஏறி இறங்கி, மிச்சமிருந்த இந்த ஒன்றைப் பிடித்திருக்கிறோம். பீர்களைச் சுவைத்துக் குறிப்பெழுதும் எங்கள் குழுவில் யாரும் இதைக் குடித்ததில்லை.

பாட்டிலில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியை நான் குறிப்பேட்டில் குறித்துக்கொள்கிறேன்.

"அடியில படிஞ்சிருக்கிற ஈஸ்ட்டுலதான்டா இந்த பீரோட வாழைப்பழ வாசனையே இருக்கு. மெதுவா உருட்டிக் கலக்கணும்" என்கிறான் சேகர்.

மூடியைத் திறக்க பாட்டிலை உள்ளே கொண்டுபோன பார் ஊழியர் தேசிங்கு, இரண்டு தம்ளர்களோடு திரும்புகிறார். பீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது.

"அடியில ஒரே கலீஜ் நைனா. வடிகட்டி, கசடெல்லாம் கீழ ஊத்திட்டேன். வயிறு பேஜாராயிடும்ல."

சேகர் தம்ளரை உயர்த்திப் பார்க்கிறான். "எதுல வடிகட்டினீங்க?"

தேசிங்கு தோளில் கிடக்கும் ஈரத் துண்டைத் தட்டிக் காட்டுகிறார். எல்லா மேசையையும் துடைக்கும் துண்டு.

"குட்ச்சிப் பாரு மாமு, சும்மா ஜில்லுனு கீது" என்று எங்கள் முகத்தையே பார்த்து நிற்கிறார்.

குடிக்கிறோம். குறிப்பேட்டில் 'மணம்' என்ற தலைப்பின் கீழ் எழுதுகிறேன்: முதலில் வறுத்த நெத்திலி, முடிவில் எலுமிச்சை ஊறுகாய்.

சேகர் எட்டிப் பார்க்கிறான். கண்ணை மூடி இன்னொரு வாய் உறிஞ்சுகிறான்.

"நடுவுல லேசா சுண்டல். எழுதிக்கோ."