துரை காரின் எண்ணெய் ஒழுக்கு

வாசலில் நின்ற கார் எண்ணெய் ஒழுகியதற்காக எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால், கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கார் அவர்கள் வாசலில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். சோறு என்றதுகூடப் பேச்சுக்குத்தான். மரவள்ளிக்கிழங்கைத் தவிர அப்போது எங்களுக்கு வேறென்ன கிடைத்தது?

மலாய் நாட்டில், சுங்கைப் பட்டாணியிலிருந்து சிடாம் கிரி போகும் வழியில் எங்கள் ரப்பர் தோட்டம். என் வீட்டுக்காரர் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டியவர். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை பட்டாள லாரியில் ஏறி ஓடிவிட்டார். காரும், அதன் பின் சீட்டில் கிடந்த அவருடைய தொப்பியும் இங்கேயே தங்கிவிட்டன. அப்புறம் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து துரை பங்களாவில் உட்கார்ந்தான். காரை எடுத்துக்கொண்டான், சாவியோடு சேர்த்து என் வீட்டுக்காரரையும் எடுத்துக்கொண்டான்.

துரை காலத்திலேயே அது கிழட்டுக் கார். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தட்டு ஒன்று உண்டு. தட்டும் எஞ்சினும் சேருமிடத்தில் தக்கையில் ஒரு பேக்கிங் வைத்திருப்பார்கள். அது காய்ந்து உதிர்ந்துபோய், கார் நின்ற இடமெல்லாம் கறுப்பாகச் சொட்டியது. எண்ணெய் வற்றினால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று இவர் சொல்லியிருந்தார். புது பேக்கிங்குக்குச் சுங்கைப் பட்டாணி பூராவும் அலைந்தும் கிடைக்கவில்லை. அங்கிருந்த பட்டறைகள் பட்டாள லாரிகளைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை.

"நம்ம தோட்டத்துல ரப்பருக்கா பஞ்சம்? அதுலயே வெட்டிப் போட்ருவோம்லா" என்றார்.

எங்களுக்கு அப்போது எல்லாவற்றுக்கும் ரப்பர்தான். செருப்பு அறுந்தால் ரப்பர், கூரை ஒழுகினால் ரப்பர், சைக்கிள் டயருக்கும் ரப்பர். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஆழமான கால்வாய் ஒன்று ஓடியது. அதன்மேல் கனமான பலகைகளைப் போட்டுக் காரை நிறுத்தினார். கால்வாய்க்குள் இறங்கி மல்லாந்து கிடந்து, போல்ட்டுகளைக் கழற்றித் தட்டை இறக்கினார். நான் ரவிக்கை தைக்கிறவள். தட்டின் விளிம்பைக் காகிதத்தில் பதித்து அளவெடுத்து, புகை போட்ட ரப்பர் ஷீட்டில் கத்தரித்துக் கொடுத்தேன். மாட்டியதும் சொட்டு நின்றது. "உனக்குப் பட்டறையே வச்சுக் குடுக்கலாம் புள்ள" என்று கேலி பேசினார். எனக்கும் பெருமைதான்.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது. சூடான எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும் என்பது அவர் மண்டையிலும் ஏறவில்லை, என் மண்டையிலும் ஏறவில்லை. கொழுக்கட்டை மாவு மாதிரி குழைந்து வெளியே பிதுங்கி, பங்களா போர்ட்டிக்கோவின் வெள்ளைச் சிமெண்டில் எண்ணெய் குளமாக நின்றிருக்கிறது. அதிகாரி இவரைக் கன்னத்தில் அறைந்தான். இவர் தன் சட்டையைக் கழற்றித் துடைத்தாராம். வீட்டுக்கு வந்தபோது சட்டை கையில் இருந்தது. கன்னம் வீங்கியிருந்தது.

கூடவே தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியும் வந்தார். அதிகாரி சொல்வதைத் தமிழில் எங்களுக்குச் சொல்வது அவர்தான். வாசலில் நின்றபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "டிரைவரே, வீட்டுலயே வச்சு நல்லாப் பண்ணிக் கொண்டாரணுமாம். இன்னொரு தடவ ஒழுகுனா, அடுத்த லாரியில உங்களையும் சயாமுக்கு அனுப்பிருவானாம்."

சயாமுக்கா! ரயில் தண்டவாளம் போட என்று எங்கள் லயத்திலிருந்து எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்! ஒருத்தரிடமிருந்தும் சேதி இல்லை. அடுத்த வீட்டுக்காரி புருஷன் போன நாளிலிருந்து பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் திரிந்தாள். எனக்குக் கல்யாணமாகி முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இந்த மனுஷனைக் கொடுக்க மாட்டேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

அப்போதுதான் தொப்பி நினைவுக்கு வந்தது. துரை விட்டுப்போன தொப்பியை இவர் சாக்கில் சுற்றி அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். வெள்ளைக்காரன் சாமான் வீட்டில் இருந்தால் அவன் ஆள் என்று இழுத்துக்கொண்டு போவார்கள். எரித்துத் தொலையுங்கள் என்று நான் சண்டை போடாத நாள் இல்லை. நல்ல சாமானை எரிக்க மனசு வரவில்லை என்பார். நல்ல சாமானாம்! ஆனால் அது கெட்டியான தக்கையில் செய்து, மேலே வெள்ளைத் துணி ஒட்டிய தொப்பி.

"இந்தாங்க, பழைய பேக்கிங்கும் தக்கைதானே?" என்று கேட்டேன்.

அவர் எழுந்துபோய்ப் பெட்டியை நகர்த்தினார்.

துணியை உரித்து, தக்கையை ஆவியில் காட்டி நிமிர்த்தி, அம்மிக்கல்லை ஏற்றி வைத்தோம். சவரக் கத்தியால் அவர் மெல்லிசாகச் சீவ, நான் பழைய காகித அளவை வைத்துத் துண்டு துண்டாக வெட்டினேன். முனையோடு முனை கோத்துக்கொள்ளும்படி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சந்தில் ஒழுகும். ஒரு துண்டு விண்டுபோனால் வேறு தொப்பிக்கு எங்கே போவது? மூச்சை அடக்கிக்கொண்டுதான் கத்தரியை வைத்தேன்.

பாதி வேலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வேலை நடக்கிறதா என்று பார்க்க அதிகாரியே வந்துவிட்டான், பின்னால் கிராணியை உட்கார வைத்துக்கொண்டு. பட்டப்பகல். ஒளித்து வைக்க நேரமில்லை. மீதித் தொப்பி தரையில் கிடந்தது; யார் பார்த்தாலும் அது தொப்பி என்று தெரியும். முறத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கை உரிக்க ஆரம்பித்தேன்.

அவன் பூட்ஸோடு உள்ளே வந்தான். கையில் பிரம்பு. அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிரம்பால் முறத்தை ஒரு தட்டுத் தட்டினான். அம்மா மாரியாத்தா என்று வாய்க்குள் சொன்னதோடு சரி, அதற்குமேல் எனக்கு எதுவும் ஓடவில்லை. தூக்கியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குள் வெட்டி வைத்திருந்த தக்கைத் துண்டுகள் அவன் கண்ணில் பட்டன. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று மலாயில் கேட்டான்.

கிராணி முன்னால் வந்து அந்தத் துண்டைப் பணிவாக வாங்கினார். அதன் ஓரத்தில் நான் உரிக்காமல் விட்ட வெள்ளைத் துணி கொஞ்சம் ஒட்டியிருந்தது. துரை தலையில் அந்தத் தொப்பியை நித்தம் பார்த்தவர் அவர். துணியை நகத்தால் சுரண்டி விரலுக்குள் உருட்டிக்கொண்டே, பாட்டில் மூடிகளைச் சீவி எடுத்த தக்கை என்று மலாயில் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு வெளியே போனான். மோட்டார் சைக்கிள் கிளம்பும்வரை நான் கிழங்கு உரித்தேன். தோல் உரித்த கிழங்கையே மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தேன் என்று அப்புறம்தான் பார்த்தேன்.

மீதித் தொப்பியை அப்போதே அடுப்பில் போட்டேன். சாம்பலும் தேங்காயெண்ணெயும் போட்டு நான் காய்ச்சிய சோப்பைத் தக்கையின் இரண்டு பக்கமும் தடவி, எஞ்சினில் ஒட்டித் தட்டை மாட்டினார். போல்ட்டை அழுத்தி முறுக்கினால் தக்கை பிளந்துவிடும். தளர்த்தி விட்டால் ஒழுகும். இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினார். மேலே குந்தி உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொட்டு நின்றது. இந்தத் தடவை நான் நம்பவில்லை. கார் வாசலில் நிற்கும்போதெல்லாம் அடியில் வெள்ளைச் சாக்கை விரித்து வைத்து, காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். சாக்கு வெள்ளையாகவே இருந்தது. மெர்போக் போய்த் திரும்பியும் வெள்ளை. அலோர் ஸ்டார் போய்த் திரும்பியும் வெள்ளை. கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தூக்கம் வந்தது. ஒரு நாள் அவரோடு சேர்ந்து சிரித்தேன்கூட.

பிறகு ஒரு மத்தியானம் கிராணி தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அதிகாரிக்கு மாத்தல் வந்துருச்சு தங்கச்சி. சயாமுக்கு."

போய்த் தொலையட்டும் என்று வாய்வரை வந்துவிட்டது.

"ரயில்லதான் போறதா இருந்தான். இந்த ஓட்டக் காடி அவ்வளவு தூரம் தாங்காதுன்னு இங்கயே விட்டுட்டுப் போறேன்னான்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப ஒரு சொட்டு ஒழுகலயாம். காடியிலயே போறானாம். டிரைவரையும் கூட்டிக்கிட்டு."

என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "போங்க, போய் நாலு போல்ட்டத் தளத்தி விட்டுட்டு வாங்க. ஒழுகட்டும். கொட்டட்டும்."

"இன்னிக்கி ஒழுகுனா வேணும்னு செஞ்சதுன்னு தெரிஞ்சுரும் தங்கச்சி" என்றார் கிராணி. "தலயே போயிரும்."

இவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். "சீக்கிரம் வந்துருவேன் புள்ள. காடி நல்லாத்தானே இருக்கு" என்றார்.

மறுநாள் காலையில் பங்களாவிலிருந்து கார் கிளம்பியது. லயத்தைத் தாண்டும்போது ஹாரன் அடிக்க அவருக்கு அனுமதி இருந்திருக்காது. என் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சண்டை முடிந்தது, போனவர்களில் எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பி வந்தார்கள். அவரைப் பார்த்ததாக அவர்களில் ஒருத்தரும் சொல்லவில்லை.

அன்று கார் மறைந்த பிறகு நான் வீட்டுக்குள் போகவில்லை. செம்மண் ரோட்டில் அதன் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு சொட்டாவது விழுந்திருந்தால் கார் வழியில் எங்காவது நின்றுபோகும், இவரை இறக்கி விட்டுவிட்டு அவன் ரயிலேறிப் போய்விடுவான் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. தோட்டத்து வாசல்வரை தேடினேன். பெரிய ரோட்டிலும் கொஞ்ச தூரம் தேடினேன். ரோடு சுத்தமாக இருந்தது.