அனலைதீவில் ஒரு நண்டோட்டுத் தொழிற்சாலை

இரசாயனப் பொறியியல் மூன்றாம் ஆண்டில் நான் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் துறைக்கு உலகப் புகழின் மீது ஆசை வந்தது. பல நாட்டுப் பட்டப்படிப்பு மாணவர்கள் மோதும் தொழிற்சாலை வடிவமைப்புப் போட்டிக்கு எங்களிடமிருந்தும் ஓர் அணி போவதென்று முடிவாயிற்று. நண்டு ஓட்டிலிருந்து கைற்றோசான் என்ற தூளைத் தயாரிக்கும் ஆலை ஒன்றை வடிவமைக்க வேண்டும். அந்தத் தூள் மருந்துக்கும் உதவும், அழுக்குத் தண்ணீரைச் சுத்தமாக்கவும் உதவும். ஆலைக்கான இடத்தை அணியே தெரிவுசெய்யலாம்.

அணியில் மூன்று பேர். யாழ்ப்பாண நகரத்துத் தோழன்தான் தலைவன், ஏனென்றால் "நான் தலைவன்" என்று முதலில் சொன்னவன் அவன்தான். திருகோணமலைத் தோழி கணக்கில் புலி. நான் அனலைதீவில் பிறந்தவள். அதை யாரும் ஒரு தகுதியாக மதித்தது அதுதான் முதல்தடவை.

"உம்மட ஊரிலதானே நண்டு நிறையப் பிடிபடுது? ஆலையை அங்கயே போடுவம்," என்றான் தலைவன். நகரத்திலிருந்து ஊர்காவற்றுறைக்கு பஸ் ஓடுகிறது, அங்கிருந்து எங்கள் தீவுக்கு வள்ளம் ஓடுகிறது என்பதெல்லாம் அவனுக்குக் கேள்வி ஞானம். தீவை அவன் பார்த்தது வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில்.

"கரண்ட் அடிக்கடி நிக்கும். பெரிய கப்பல் வாற இறங்குதுறையும் இல்லை," என்றேன்.

"அதெல்லாம் எடுகோள் எண்டு போடலாம். நீர் யோசிக்காதையும்."

எடுகோள் என்பது பொறியியலில் மிகவும் மரியாதையான சொல். எங்கள் வீட்டில் அதைப் பொய் என்பார்கள். தடையற்ற மின்சாரம் உண்டு என்று எடுத்துக்கொண்டோம். கொள்கலன் கப்பல் வந்து நிற்கும் என்று எடுத்துக்கொண்டோம். ஆலைக்கு அவன் தெரிவுசெய்த 'வெற்றுக் காணி' நான் படித்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானம். அதைச் சொன்னதும் பெருந்தன்மையோடு ஆலையை ஒரு தோட்டத்துக்கு நகர்த்தினான். அங்கே யாருடைய வெங்காயம் நிற்கிறது என்று நானும் சொல்லவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது கள ஆய்வும் என் தலையில் விழுந்தது. என் சித்தப்பா தீவில் நண்டு வாங்கி ஊர்காவற்றுறைக்கு அனுப்புகிறவர். தராசடியில் நின்றவரிடம் கொப்பியும் கையுமாகப் போனேன்.

"சித்தப்பா, ஒரு நாளைக்கு எவ்வளவு நண்டோடு மிஞ்சும்?"

"எங்க மிஞ்சும்?"

"இங்கதான்."

"நண்டு முழுசாத்தான் போகுது, பிள்ளை. ஐஸில வைச்சு வள்ளத்தில ஏத்தினா ஓட்டோடதானே போகும்? ஓடு வேணுமெண்டா அதைத் திண்ட ஆக்களிட்டக் கேள்."

"எங்களுக்கு ஐஞ்சு தொன் வேணும்."

"வருசத்துக்கோ?"

"நாளுக்கு."

சித்தப்பா தராசிலிருந்து கையை எடுத்தார். "உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?" என்றார்.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டே கதை கேட்டார். ஓட்டை அமிலத்தில் ஊறவைத்து, பிறகு காரத்தில் அவித்து, ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவ வேண்டும் என்று விளக்கினேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்தத் தண்ணியில கழுவுவியள்?"

"நல்ல தண்ணியிலதான், அம்மா."

"எங்கட கிணத்துத் தண்ணி வாயில வைக்க ஏலாது. குடிக்கிறதுக்கு, தண்ணி கொண்டுவாற பவுசரைப் பாத்துக்கொண்டு இருக்கிறம். நீங்கள் நண்டோட்டைக் குளிப்பாட்டப் போறியளோ?"

அன்று பின்னேரம் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அழுக்குத் தண்ணீரைச் சுத்தமாக்கும் தூளைச் செய்வதற்கு, தீவு முழுவதும் குடிக்கிற தண்ணீரைப் போலப் பல மடங்கை நாங்கள் அழுக்காக்க இருந்தோம். தலைவனுக்கு போன் எடுத்துச் சொன்னேன். "நடுவர்மார் என்ன, வள்ளம் ஏறி வந்து பாக்கப் போகினமே?" என்றான். அறிக்கை அப்படியே போனது. இறுதிச் சுற்றுக்கும் தெரிவாகிவிட்டோம். தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அனலைதீவு செய்மதிப் படம்தான் போலும்.

இறுதிச் சுற்று இணைய வழியில். நான் ஊருக்கு வந்திருந்த அந்த வாரம் பார்த்து காற்றுக் கிளம்பியது, வள்ளம் ஓடவில்லை, நான் தீவிலேயே அகப்பட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக வருகிற ஒரே இடம் குசினி. புகை படிந்த சுவர் உலக அரங்கில் தெரியக்கூடாது என்று அம்மா ரோசாப்பூப் போட்ட படுக்கை விரிப்பை எனக்குப் பின்னால் கட்டினார்.

தலைவன் அருமையாகப் பேசினான். அவன் வாயில் எங்கள் இறங்குதுறை சிங்கப்பூராகிவிட்டது. அவன் முடித்ததும் ஒரு பெண் நடுவர், "கழுவுவதற்கான தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

"உள்ளூர் விநியோகம்," என்றான்.

"அங்கே வாழ்கிறவர்களுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது?"

தலைவன் தொண்டையைச் செருமினான். "இதற்கு எங்கள் அணியின் கள நிபுணர் பதில் சொல்வார்."

கள நிபுணர் நான். "நான் இப்போது அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்," என்று தொடங்கி, நல்ல தண்ணீர் இல்லை, நண்டின் ஓடும் மிஞ்சுவதில்லை, இந்த ஆலையை இங்கே கட்ட முடியாது என்று சொல்லி முடித்தேன். அந்த நேரம் பார்த்து யன்னல் காற்றில் விரிப்பு அவிழ்ந்து விழுந்தது. பின்னால் அகப்பையோடு அம்மா.

"அது யார்?" என்றார் நடுவர்.

"என் அம்மா. உங்களுக்கு முன்னரே இந்தக் கேள்வியைக் கேட்டவர்."

"ஹலோ," என்றார் அம்மா. நடுவர்கள் மூவரும் கையசைத்தார்கள். எங்கள் அணிக்கு அன்று கிடைத்த ஒரே பாராட்டு அது என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதல் மூன்று இடங்களில் நாங்கள் இல்லை. ஆனால் கள அறிவுக்கென்று ஒரு சிறப்புச் சான்றிதழ் வந்தது. தங்கள் ஆலையைத் தாங்கள் தெரிவுசெய்த இடத்தில் கட்ட முடியாது என்பதை இந்த அணி ஐயமற நிறுவியது என்று எழுதியிருந்தார்கள். நான்கு நாள் என்னோடு கதைக்காமல் இருந்த தலைவன், ஐந்தாம் நாள் துறைக் கூட்டத்தில் கள ஆய்வின் அவசியம் பற்றி அரை மணித்தியாலம் பேசினான். பீடத்து வாசலில் எங்கள் படங்களோடு பதாகை தொங்கியது. 'சர்வதேசச் சாதனை', கீழே நாங்கள் கீறிய ஆலையின் படம்.

அந்தப் பதாகையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அது வினையாகிவிட்டது. சித்தப்பா பெருமையில் அதைத் தீவு முழுக்கக் காட்டியிருக்கிறார். அந்தக் கிழமையே மூன்று பெண்கள் அம்மாவிடம் வந்து, ஆலையில் வேலைக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"அது சும்மா கீறின படம் எண்டு சொன்னனான்," என்றார் அம்மா போனில். "ரெண்டு பேர் சிரிச்சுப்போட்டுப் போயிட்டினம். ஒருத்தி மட்டும், எதுக்கும் இருக்கட்டுமெண்டு தன்ர சேட்டிபிக்கற் கொப்பியைத் தந்திட்டுப் போறாள். நான் என்ன செய்யிறது?"

எல்லாவற்றுக்கும் எடுகோள் வைத்திருந்த எங்கள் அறிக்கையில் அதற்கு ஒன்றும் இருக்கவில்லை. "அலுமாரியில வையுங்கோ," என்றேன்.