ஆடிக் காற்றில் ஒரு வேட்டி

போன ஞாயிற்றுக்கிழமை குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நரசிம்மனைப் பார்த்தேன். ஏன்தான் பார்த்தேனோ!

ஜப்பான்காரர்கள் ஹைக்கூ என்று மூன்றே அடியில் பாட்டுக் கட்டுகிறார்கள் அல்லவா? அதில் பருவகாலம் எட்டிப் பார்க்க வேண்டும்; மனசில் இருப்பதை மட்டும் உடைத்துச் சொல்லக் கூடாது. ஆபீஸ் குமாஸ்தாவாகச் சிவனே என்று இருந்த நரசிம்மனுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்க வைத்தவன் நான். ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் ஆளுக்கொரு பாட்டு. மாம்பூ, சாரல், மார்கழிப் பனி... மைசூரில் பருவத்துக்கா பஞ்சம்?

அவருக்குக் கல்யாணம் பேசி முடித்தவனும் நான்தான். பெண் கோதை, குண்டலுபேட்டை. சித்திரையில் முகூர்த்தம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி பிறந்தகம் போனாள். அடுத்த ஞாயிறு நரசிம்மன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

ஆடிக் காற்று —
கொடியில் அலைகிறது
என் வேட்டி மட்டும்.

"சபாஷ், ஓய்!" என்று கை தட்டினேன். புது மாப்பிள்ளையின் ஏக்கத்தை ஒரு வேட்டியில் காட்டிவிட்டாரே! அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விட்டால்தானே? 'அலைகிறது' நல்லதா, 'ஆடுகிறது' நல்லதா என்று வீடு வரை வாதம் செய்துகொண்டே வந்தேன்.

ஆவணி வந்தது. கோதை வரவில்லை.

போன ஞாயிறுதான் விஷயமே தெரிந்தது. அவள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். பெரிதாக ஒன்றுமில்லை — காபி ஆறிவிட்டது என்று இவர் டம்ளரைத் தள்ளினார். அவள் பெட்டியைக் கட்டினாள். 'கல்யாணம் பேசினவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அனுப்புகிறேன்' என்று மாமனார் இவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு ஆடி முழுக்கக் காத்திருந்திருக்கிறார். யாரும் போகவில்லை. ரோஷம் முற்றி, பெண்ணைப் பம்பாயில் இருக்கும் தன் பிள்ளையிடம் அனுப்பிவிட்டார். இனி மைசூர்ப் பேச்சே வேண்டாமாம்.

என் வார்த்தையை அந்த மனிதர் தட்டியதே இல்லை. காலை பஸ்ஸில் போயிருந்தால் மாலையில் கோதையோடு திரும்பியிருப்பேன். அடடா, எப்பேர்ப்பட்ட பாவி நான்! பாட்டை ரசிக்கிறவனுக்குப் பாடுகிறவன் முகம் கண்ணில் படாது போலிருக்கிறது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா, ஓய்?" என்று கத்தியே விட்டேன்.

நரசிம்மன் ஏரியைப் பார்த்தபடி சொன்னார்: "சும்னே, பொழுதுபோக்குக்குப் பாட்டுக் கட்டினேன்னு நெனச்சீரா? சொன்னேனே... நீர்தான் கை தட்டினீர்."