பாண்டியங்குழி

எங்கள் குழந்தை பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான பிள்ளை. பத்து மாதமும் ஒரு குறை சொல்லவில்லை டாக்டரம்மா. கடைசி இரண்டு நாளில் அசைவு குறைந்துவிட்டது என்று மனைவி சொன்னாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது.

நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "பாக்கறீங்களா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். மில்லில் ஷிப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த என் அண்ணன், சட்டையெல்லாம் பஞ்சுத் தூசியோடு, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். டாக்ஸி பிடித்துக் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த இடுகாட்டுக்குப் போனோம்.

"நீ வண்டியிலயே இருடா, நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன்.

இருந்தேன். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. முன் சீட்டில் டிரைவர் பீடியை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அண்ணன் வந்தார். கையெல்லாம் செம்மண். தோளில் கிடந்த துண்டைக் காணோம்.

மனைவியிடம் குழந்தையைக் காட்டவேயில்லை. பார்த்தால் மறக்கமாட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தையல் போட்டு மயக்கத்தில் கிடந்தாள். மூன்றாம் நாள் பால் சுரந்து கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். அதன் பிறகு அவள் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நான் அப்போது சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிராயிங் போடுகிறவனாக வேலை பார்த்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன். அவள் சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது என்று நானும் இருந்தேன். இப்படி ஒன்றரை வருடம் போனது.

அந்த ஆவணியில் அவளுடைய அக்கா பையனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். போகவேண்டாம் என்றுதான் எனக்கு எண்ணம். அவள்தான், "போகாட்டி அக்கா சங்கடப்படுவாங்க" என்று கிளம்பினாள். காலையில் மாவு ஆட்டிக் கொடுத்தாள், காய் நறுக்கினாள். பையனை மாமன் மடியில் உட்கார்த்தி வைக்கும் நேரத்துக்கு அக்கா அவளைச் சமையல்கட்டுப் பக்கம் அழைத்துப்போனார்.

"கண்ணு, நீ கொஞ்சம் அக்கட்டால இரு. எனக்கு ஒண்ணுமில்ல. வந்த சனம் ஏதாச்சும் பேசும்."

"செரிங்க்கா" என்றாள்.

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அவள் கையைப் பிடித்து, "வா, காட்டுப்பக்கம் போய்ட்டு வரலாம்" என்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பந்தலைத் தாண்டிப் போகும்போது என் சகலை பின்னாலிருந்து, "மேட்டுக்காட்டுப் பக்கம் போங்க, காலேஜ் வாத்தியார் ஒருத்தர் பாண்டியங்குழிய அளந்துட்டு இருக்காரு" என்று சத்தம் போட்டுச் சொன்னார்.

மேட்டுக்காடு மானாவாரி நிலம். சோளத்தட்டு அறுத்த கட்டைகள் காலைக் குத்தின. கிளுவை வேலியைத் தாண்டியதும், பாண்டியங்குழி என்று ஊரில் சொல்லும் கற்கள் தெரிந்தன. முழங்கால் உயரத்துக்கு உருண்டைப் பாறைகள், வட்டமாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். நடுவில் சரளைக் கல் குவியல். அதன் மேல் ஆவாரஞ்செடி முளைத்திருந்தது. தொப்பி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் டேப்பின் ஒரு முனையைக் கல்லில் கட்டிவிட்டு மறுமுனையோடு அல்லாடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?" என்றார் என்னைப் பார்த்து.

பிடித்தேன். அளவு சொல்லச் சொல்ல அவர் நோட்டில் குறித்தார். வட்டத்தைக் காகிதத்தில் கொண்டுவர அவர் படுகிற பாட்டைப் பார்த்து, குறுக்கே இரண்டு அளவு எடுத்தால் போதும் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். வேலை நடக்கையிலேயே பேசிக்கொண்டே இருந்தார். இரும்பு வந்த புதுசில் வாழ்ந்த சனங்கள் செத்தவர்களுக்கு எழுப்பியதாம். எரித்தோ புதைத்தோ, மிஞ்சிய எலும்பை எடுத்து, கீழே பலகைக் கல்லால் பெட்டி மாதிரி செய்து வைத்து, மேலே மூடி, சுற்றிலும் வட்டம் கட்டுவார்களாம். படிக்கப் போனபோது இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் கல்வட்டம் பார்த்தாராம். "அங்க ஆளுசரத்துக்கு மேல நிக்குதுங்க கல்லு. ஊருக்குள்ளயே இருக்குது. ஆடு மேயுது, சனம் பஸ்ஸுல வந்து பாத்துட்டுப் போகுது. நம்மூர்ல இந்தக் கல்லத் தூக்கி வேலிக்குப் போட்டுடறாங்க."

என் மனைவி ஒரு கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு பேரும் அவளை மறந்துவிட்டோம். திடீரென்று கேட்டாள்.

"இந்தக் கல்லு இந்தக் காட்டுது இல்லீங்களே?"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "கரெக்டுங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இங்க ஓடைக்கல்லு வேற நெறமுங்க."

"அந்தக் கரட்டுல இருந்து கொண்டாந்திருக்காங்க" என்று தூரத்தில் தெரிந்த குன்றைக் காட்டினார். "ரெண்டு மைல் இருக்கும். உருட்டித்தான் வந்திருக்கணும்." பிறகு, அவள் கேட்டதில் உற்சாகமாகி, வடக்குப் பக்கம் கூட்டிப்போனார். செடிக்குள் இன்னொரு வட்டம். சின்னது. ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருக்கும். கற்களும் சின்னவை. "இது கொழந்தையோடதா இருக்கலாமுங்க. தோண்டிப் பாக்காம உறுதியாச் சொல்ல முடியாது."

அவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். "பேரு ஏதாச்சும் எழுதியிருக்குங்களா?"

"எழுத்து வரதுக்கு முன்னால கட்டுனதா இருக்கும் இது."

"அப்பறம் யாருதுன்னு அவிகளுக்கு எப்பிடித் தெரியும்?"

"கல்லுதானுங்க அடையாளம்."

வாத்தியார் டேப்பைச் சுற்றிக்கொண்டு பெரிய வட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். ஊர்ப்பக்கமிருந்து மேளச்சத்தம் கேட்டது. குழந்தைக்குக் காது குத்தியிருப்பார்கள். அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நம்ம புள்ளைக்கு என்ன அடையாளம் வெச்சீங்க?"

ஒன்றரை வருடத்தில் குழந்தையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. ஒன்றும் வைக்கவில்லை, எனக்கு இடமே தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை.

"ஒரு கல்லு வெச்சிருக்குது அம்மணி. வேப்பமரத்துக்குப் பக்கத்துல."

"நீங்களா வெச்சீங்க?"

"ம்."

"மொகம் யாரு மாதிரிங்க?"

"உன்ற மாதிரியேதான்."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், நெற்றியை அந்தச் சின்னக் கல்லில் சாய்த்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றரை வருடம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, நான் செய்தது தப்பில்லை என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. திரும்பி வரும்போது காந்திபுரம் வரைக்கும் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தாள். குழந்தைக்கு முடி நிறைய இருந்ததா, என்ன நிறம், விரல் எப்படி. நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நிறைய முடி என்றேன். மாநிறம் என்றேன். நீள விரல் என்றேன். என் வாயிலிருந்து ஒரு பிள்ளை பிறந்து வந்துகொண்டிருந்தது.

"என்னக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றாள் மறுநாளே.

மழை விடட்டும் என்றேன். வேலை அதிகம் என்றேன். ஐப்பசி வந்துவிட்டது. இனித் தள்ள முடியாது என்றானபோது அண்ணனிடம் போனேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

"எதுக்குடா இப்ப அதையெல்லாம்?" என்றார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

இடுகாட்டுக்குள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காலை வைத்தேன். வேப்பமரம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதைத் தவிர அண்ணனுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஒரு பக்கம் கட்டட மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். மற்ற பக்கமெல்லாம் வேலிகாத்தான் முள் மண்டிக்கிடந்தது. அண்ணன் இங்கே நின்றார், அங்கே நின்றார், சுவரிலிருந்து அடி வைத்துப் பார்த்தார். கடைசியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியலடா. வெட்டியான் அன்னிக்கு இல்ல. மம்பட்டிய வாங்கி நாந்தான் தோண்டுனேன். ஆழமா இருக்கட்டும், நாய் வந்துரும்னு தோண்டிட்டே இருந்தேன். ஒரு கல்லு நடணும்னு தோணவே இல்ல எனக்கு."

"பரவால்லீங்ணா."

"என்ற துண்டுலதான் சுத்தி வெச்சேன். வெள்ளத்துணி ஈரமாயிருச்சுன்னு மாத்தும்போது மொகத்தப் பாத்தேன். தூங்கற மாதிரி இருந்துச்சு. வலது காதுக்குக் கீழ ஒரு மச்சம். நெத்தி அப்படியே நம்ம அம்மாவுது." உள்ளங்கையால் தரையைத் தடவினார். "முடி இல்லடா தலையில. பூன மசுரு மாதிரி கொஞ்சூண்டு."

எங்கள் அப்பா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் பிள்ளைக்காக அவர் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

அப்போதாவது வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வியாழக்கிழமை எங்கள் கம்பெனிப் பட்டறை வாசலில் கிடந்த ஒரு கருங்கல்லைச் சாக்குப்பையில் போட்டு டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டுபோய், வேப்பமரத்துக்குப் பத்தடி தள்ளி வைத்தேன். பழசாகத் தெரியவேண்டும் என்று மண்ணை அள்ளிப் பூசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கூட்டிப்போனேன். குளித்து, ஈரத்தலையோடு, ஒரு சொம்பில் பாலும் இரண்டு செவ்வந்திப் பூவும் கொண்டுவந்தாள். பெண்கள் அங்கே வருகிற வழக்கமில்லை. யார் பார்த்தால் என்ன என்றாள். கல்லைக் காட்டினேன். எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். கல் ஒருபுறம் சற்றுச் சாய்ந்திருந்தது. நேராக வைக்கலாம் என்று இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கியவள் கல்லை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

மழைக்கு முளைத்த புல் கல்லுக்கடியில் மடிந்து கிடந்தது. பச்சையாகவே இருந்தது. காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லவேண்டியதில்லை.

"இது நாலு நாளைக்குள்ள வெச்ச கல்லுங்க" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியிலேயே இருந்ததை, அண்ணன் தோண்டியதை, இடம் தெரியாமல் போனதை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப மொகம்?"

"நான் பாக்கல, அம்மணி."

"முடி?"

"பாக்கல."

கல்லை மெதுவாகக் கீழே வைத்தாள். பாலை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு வேப்பமர வேரில் ஊற்றினாள். நான் வண்டியை எடுத்தேன். ஏறவில்லை. வெறும் சொம்போடு எனக்கு முன்னால் நடந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் வெளியிலேயே நின்றேன். ஜன்னல் வழியாக அவள் குரல் மட்டும் கேட்டது. "மாமா, நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க. பாக்காதது வேண்டாமுங்க."

அண்ணன் சொன்னார். ஒருமுறை அல்ல. மச்சத்தை மறுபடியும் மறுபடியும் கேட்டாள். காதுக்கு எவ்வளவு கீழே, கடுகளவா மிளகளவா என்று. அன்றைக்கு மதியம் அண்ணி அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினார்.

அவள் என்னோடு சண்டை போடவில்லை. பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. அண்ணன் மீது அவள் வைத்த பிரியம் அவர் இருந்தவரை குறையவில்லை. தீபாவளிக்கு முதல் பலகாரம் அவர் வீட்டுக்குத்தான் போகும். என்னோடு சிரிப்பாள், சினிமாவுக்கு வருவாள், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக்கொடுத்துப் பக்கத்திலேயே இருப்பாள். ஆனால் கிளம்பும்போது கேஸை மூடிவிட்டேன் என்று நான் சொன்னால், "செரிங்க" என்பாள், சொல்லிவிட்டு உள்ளே போய்த் தானே ஒருமுறை பார்த்துவிட்டு வருவாள். பஸ் வந்துவிட்டது என்றால் எட்டிப் பார்ப்பாள். மழை இல்லை என்றால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பாள். கோபத்தில் செய்வதில்லை. தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நானும் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் பார்த்துவிட்டு வரும்வரை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன்.